யாரை அடித்தார்கள்?
காவல்துறையின் பலப் பிரயோகத்தை மக்கள் எடைபோடும் விதம்: ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு



காவல்துறையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. உண்மையில் நான் பேசவிருப்பது நம்மைப் பற்றி. காவலர் எப்போது கை ஓங்கலாம், எப்போது துப்பாக்கியை எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. விசாரணை ஆணையங்களின் அறிக்கைகள் தொகுதி தொகுதியாகக் கிடக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும், எந்த நீதிபதியும் கோப்பைப் பிரிப்பதற்கு முன்பே, தேநீர்க் கடையிலும் பேருந்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் மக்கள் ஒரு தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு எதை அளவுகோலாகக் கொண்டு எழுதப்படுகிறது? என் விடையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். காவலர் என்ன செய்தார் என்பதைப் பார்த்து நாம் தீர்ப்பு எழுதுவதில்லை. யாருக்குச் செய்தார் என்பதைப் பார்த்தே எழுதுகிறோம். அந்த 'யார்' முடிவான பிறகுதான் 'என்ன' நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. நம்முடைய இந்த வழக்கத்தைக் காவல்துறை நன்றாகவே படித்து வைத்திருக்கிறது. அதற்கேற்பத் தன் செயலையும் செய்தியையும் அமைத்துக்கொள்கிறது. இதுதான் என் வாதம். சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1

ஏழு மாத இடைவெளிக்குள் நடந்த இரண்டு நிகழ்வுகளை முதலில் அருகருகே வைக்கிறேன். 2019 நவம்பர் இறுதியில் ஹைதராபாத்தை அடுத்த ஷம்ஷாபாத்தில் இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. நான்கு பேர் கைதானார்கள். டிசம்பர் 6 விடியற்காலையில் அந்த நால்வரையும் சட்டான்பள்ளிக்கு அழைத்துச் சென்ற காவலர்கள் அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். கைதிகள் துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அன்று பகலில் அங்கே திரண்ட மக்கள் காவலர்கள்மீது மலர் தூவினார்கள். வாழ்த்துகள் தமிழிலும் குவிந்தன. அடுத்து, 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாள்களுக்குள் இருவரும் இறந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டன. மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சி.பி.ஐ. ஒன்பது காவலர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டிக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

சட்டம் இரண்டிலும் கேட்கும் கேள்வி ஒன்றே: அரசின் காவலில், தப்ப வழியில்லாத நிலையில் இருந்த மனிதர், அந்தக் காவலிலேயே எப்படி உயிரிழந்தார்? மக்கள் தந்த விடைகளோ எதிரெதிர். ஒன்றுக்கு மலர், மற்றதற்கு மறியல். ஹைதராபாத் சம்பவத்தை விசாரிக்க உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி சிர்பூர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. கொல்லும் நோக்கத்துடன் வேண்டுமென்றே சுட்டார்கள் என்றும், பத்துக் காவலர்கள் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட வேண்டும் என்றும், சுடப்பட்ட நால்வரில் மூவர் சிறார் என்றும் அந்த அறிக்கை சொன்னது. மலர் தூவிய நாளில் தொலைக்காட்சிகள் ஒதுக்கிய நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்த அறிக்கைக்குக் கிடைத்திருக்காது. அந்த நால்வர் குற்றவாளிகளா இல்லையா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. இது கொலையுண்ட பெண்ணுக்குக் கிடைத்த நீதி என்று எப்படிச் சொல்வது? யார் செய்தார்கள் என்று சான்றுகளோடு நிறுவப்படுவது அந்தப் பெண்ணுக்கும் அவர் குடும்பத்துக்கும் உள்ள உரிமை. அதையும் சேர்த்துத்தான் அந்தத் தோட்டாக்கள் பறித்தன.

சாத்தான்குளத்தில் எழுந்த கோபம் நியாயமானது. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். "கடையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைத்ததற்கா இந்தத் தண்டனை?" இதுதான் எங்கும் கேட்ட கேள்வி. இதற்குள் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. குற்றம் பெரிதாக இருந்திருந்தால், பிடிபட்டவர் வழிப்பறிக்காரராகவோ கஞ்சா விற்பவராகவோ இருந்திருந்தால், அந்த இரவு நடந்தது வேறு கணக்கில் சேர்ந்திருக்கும். இறந்தவர்கள் கடைக்காரர்கள், உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், நம்மைப் போன்றவர்கள் என்பதனால்தான் நம் மனசாட்சி விழித்துக்கொண்டது. 'அப்பாவி' என்ற அடைமொழி இல்லாமல் காவல் மரணத்துக்காக நாம் தெருவில் இறங்கிய தருணம் எத்தனை?

இது நம் காலத்து நோய் மட்டுமல்ல. பீகார் மாநிலம் பாகல்பூரில் 1979, 1980 ஆண்டுகளில் விசாரணைக் கைதிகள் முப்பதுக்கும் மேற்பட்டோரின் கண்களைக் காவலர்கள் குத்தி, அமிலம் ஊற்றிக் குருடாக்கினார்கள். அந்த அமிலத்துக்கு அங்கே வைத்த பெயர் 'கங்கா ஜலம்'. 1980 நவம்பரில் செய்தித்தாள் வழியே விஷயம் வெளிவந்து நாடாளுமன்றம் அதிர்ந்தபோது, பாகல்பூரில் காவலர்களை ஆதரித்துப் போராட்டம் நடந்தது. கொள்ளையர்களால் அந்தப் பகுதி மக்கள் பட்ட துன்பம் உண்மையானதுதான். ஆனால் கண் பறிக்கப்பட்டவர்கள் விசாரணைக் கைதிகள். அவர்கள்மீதான குற்றம் அன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. கைதியை நீதித்துறை நடுவர்முன் முதன்முறை நிறுத்தும்போதே, வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் சொன்னது இந்த வழக்கில்தான். இன்று நம்மில் எவர் கைதானாலும் கிடைக்கக்கூடிய அந்த உரிமை, ஊரே வெறுத்த மனிதர்களின் வழக்கிலிருந்து வந்தது.

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி இதே வழக்கத்தின் இன்னொரு முகம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. 'சந்தனக் கட்டை கடத்துகிறவர்கள்' என்ற ஒரே முத்திரை ஓர் ஊர் முழுவதையும் நம் பரிவின் எல்லைக்கு வெளியே தள்ளப் போதுமானதாக இருந்தது. இடதுசாரி இயக்கத்தினரும் பழங்குடி மக்கள் சங்கமும் விடாமல் போராடியிராவிட்டால் அது வழக்காகவே ஆகியிருக்காது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். தீர்ப்பு வந்த 2011-க்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். முப்பத்தொரு ஆண்டுகள். இந்தத் தாமதத்தில் நீதிமன்றத்தின் பங்கு ஒன்று உண்டு. கடத்தல்காரர்கள்தானே என்று கடந்துபோன நம் பங்கும் உண்டு.

2

மக்களுக்கு உண்மை தெரியவில்லை, தெரிந்தால் சரியாகவே தீர்ப்பளிப்பார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. கேமரா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இதிலிருந்து பிறப்பதுதான். அமெரிக்காவில் சட்டப் பேராசிரியர் டான் கஹானும் அவரது குழுவினரும் செய்த இரண்டு ஆய்வுகள் இந்த நம்பிக்கையை நன்றாகவே உலுக்குகின்றன. ஜார்ஜியா மாநிலத்தில் வேகமாகப் போன காரைத் துரத்திய காவலர் அதைப் பின்னாலிருந்து மோதிக் கவிழ்த்தார். ஓட்டிய பத்தொன்பது வயது இளைஞருக்குக் கைகால்கள் செயலிழந்தன. 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காவலர் பக்கம் தீர்ப்பளித்தது. காவல் வாகனத்தில் பதிவான வீடியோவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நிலை. கஹான் குழுவினர் அதே வீடியோவைச் சுமார் 1,350 அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலோர் நீதிமன்றத்தோடு ஒத்துப்போனார்கள். ஆனால் கறுப்பினத்தவர், குறைந்த வருமானமுள்ளவர், சமத்துவ நோக்குடையவர் ஆகியோரிடையே கணிசமானோர் அதே காட்சியில் வேறொன்றைக் கண்டார்கள். அவ்வளவு ஆபத்து அங்கே இல்லை, அப்படி மோதியிருக்க வேண்டியதில்லை என்றார்கள்.

இரண்டாவது ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரு போராட்டத்தைக் காவலர்கள் கலைக்கும் வீடியோ. பார்ப்பவர்களில் பாதிப் பேரிடம் இது கருக்கலைப்பு மையத்துக்கு எதிரான போராட்டம் என்றார்கள். மறுபாதியிடம், தன்பாலின ஈர்ப்பாளர்களைச் சேர்க்க மறுத்த ராணுவத்தின் ஆளெடுப்பு மையத்துக்கு எதிரான போராட்டம் என்றார்கள். காட்சி ஒன்றே. போராட்டக்காரர்கள் வழியை மறித்தார்களா, மிரட்டினார்களா, காவலர்கள் தலையிட்டது நியாயமா என்ற கேள்விகளுக்கு வந்த விடைகள், பார்ப்பவர் எந்தத் தரப்புக்காரர், போராட்டம் எந்தத் தரப்பினுடையது என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறின. இங்கே மாறுபட்டது கருத்து மட்டுமாக இருந்தால் வியப்பில்லை. கண்ணால் கண்டதாக அவர்கள் சொன்ன தகவலே மாறியது. யார் என்பது முதலில் முடிவாகிறது, அதற்குப் பிறகுதான் கண் பார்க்கிறது என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. காவல் வாகனத்தின் கூரைமேல் ஏறிச் சாதாரண உடையில் ஒருவர் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சியை ஏறத்தாழ எல்லோரும் பார்த்தோம். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துப் பதறியவர்கள் ஒருபுறம். ஆட்சியர் அலுவலகத்துக்குத் தீ வைத்தவர்களை வேறு என்ன செய்வது என்றவர்கள் மறுபுறம். சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்ற ஒரு வாக்கியம் வந்ததும், சுடப்பட்டவர்களில் பள்ளி முடித்த மாணவி ஒருவரும் இருந்தார் என்பது பலருக்கு மங்கலாகிவிட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உரிய எச்சரிக்கை இல்லாமல், கலைந்து ஓடியவர்கள்மீதும் சுட்டார்கள் என்று அது கண்டது. உயரதிகாரிகள் உட்பட 17 காவலர்கள்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. 2018-இல் எடுத்த நிலையை அந்த அறிக்கையைப் படித்து மாற்றிக்கொண்டவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

3

நம்முடைய தீர்ப்பு முறையை யார் மிக நன்றாக அறிந்திருக்கிறார்கள்? காவல்துறைதான். ஒரு மரணம் நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள் வெளிவரும் செய்திக் குறிப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் வரியில் இறந்தவர்மீது எத்தனை வழக்குகள், எந்தெந்த நிலையங்களில், அவர் ஏ பிளஸ் ரவுடியா, சரித்திரப் பதிவேட்டில் இருக்கிறாரா என்பது இருக்கும். அவர் எப்படி இறந்தார் என்பது கடைசி வரியில், எல்லாச் சம்பவத்துக்கும் பொருந்தும் ஒரே வாக்கியத்தில் இருக்கும்: அரிவாளால் தாக்க முயன்றார், எஸ்.ஐ.க்குக் கையில் காயம், தற்காப்புக்காகச் சுட்டதில் உயிரிழந்தார். வழக்குகளின் எண்ணிக்கைக்கும் அந்த நொடியில் சுட வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஐம்பது வழக்கு உள்ளவர் நிராயுதபாணியாக நிற்கலாம். ஒரு வழக்கும் இல்லாதவர் கத்தியோடு பாயலாம். ஆனாலும் அந்தப் பட்டியல் முதலில் வருகிறது. படிப்பவர் அந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். நம் செய்தித்தாள்கள் அதை அப்படியே அச்சேற்றுகின்றன. 'போலீசார் தங்கள் பாணியில் விசாரித்ததில் உண்மையைக் கக்கினார்' என்று எழுதும் நிருபர், ஒரு குற்றம் நடந்ததற்கான சாட்சியத்தைப் பதிவுசெய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் எழுதுகிறார். வாசிப்பவரும் கூச்சமின்றிப் புரட்டிப் போகிறார்.

மாவுக்கட்டு இதன் அடுத்த கட்டம். கைதான இளைஞர் வலது கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு நிற்கும் படம் இப்போது ஒரு வகைச் செய்தியாகவே ஆகிவிட்டது. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார், நிலையத்தின் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்பவை உடன்வரும் விளக்கங்கள். காவல் நிலையக் கழிப்பறைகள் கைதிகளுக்கு மட்டும் ஏன் வழுக்குகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-இல் கேட்டது. இந்த விளக்கத்தை யாரும் நம்புவதில்லை என்பதுதான் இதில் என்னைக் கலங்கவைக்கிறது. நம்பவைக்க வேண்டும் என்ற தேவையே அந்தப் படத்துக்கு இல்லை. அடித்துத்தான் உடைத்தார்கள் என்று தெரிந்தே மக்கள் அந்தப் படத்தைப் பகிர்கிறார்கள்; அதன்கீழ் கைதட்டும் குறிகள் நிறைகின்றன. சட்டத்துக்காக ஒரு பொய், மக்களுக்காக ஓர் உண்மை என்று ஒரே படத்தில் இரண்டு செய்திகள் அனுப்பப்படுகின்றன. அப்படி அனுப்ப முடிகிறதென்றால், பெறுகிறவர்களாகிய நாம் ஒத்துழைக்கிறோம் என்றுதான் பொருள்.

காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். நிறுவனத்தின் லோக்நீதியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வறிக்கைக்காக 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களிடம் பேசினார்கள். குற்றவாளிகளிடம் வன்முறையாக நடப்பது சரியே என்று நான்கில் மூன்று பேர் சொன்னார்கள். சிறு குற்றம் என்றால் வழக்கு, விசாரணை எல்லாம் வேண்டாம், காவலரே ஒரு சிறு தண்டனை கொடுத்துவிடலாம் என்றவர்கள் 37 சதவீதம். இந்தக் காவலர்கள் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். நம் வீட்டுப் பிள்ளைகள். நாம் பார்க்கும் படங்களையே பார்த்து வளர்ந்தவர்கள். எதற்குக் கைதட்டல் கிடைக்கிறது என்பதைச் சிறு வயதிலேயே கற்றவர்கள். கைதட்டல் போதாதென்றால் பாதுகாப்பும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2001 முதல் 2020 வரை இருபது ஆண்டுகளில் காவலில் இறந்தவர்கள் 1,888 பேர்; அதற்காகத் தண்டனை பெற்ற காவலர்கள் 26 பேர்.

இந்த வன்முறைக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அளித்த அறிக்கையில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி: இரண்டு மரக்கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிக்கும் கருவி. மற்றது அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து, அசைய முடியாதபடி கயிற்றால் கட்டி, வெயிலில் நிறுத்துவது. யாருக்கு இவை செய்யப்பட்டன? வரி பாக்கி வைத்த சிறு உழவர்களுக்கு, சில்லறைத் திருட்டில் சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு. கிட்டி போய் லத்தி வந்திருக்கிறது. அடிபடும் ஆளின் சமூக இடம் பெரிதாக மாறிவிடவில்லை.

4

இனி, என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை. அவற்றில் வலுவானது இது: மக்கள் கைதட்டுவது கொடூர மனத்தால் அல்ல, விரக்தியால். வழக்கு இருபது ஆண்டு நடக்கிறது, சாட்சிகள் பிறழ்கிறார்கள், பணமுள்ளவன் ஜாமீனில் வந்து மிரட்டுகிறான், நீதிமன்றம் தராத நீதியைக் காவலராவது தரட்டுமே என்கிறார்கள். இந்த விரக்தியை நான் முழுமையாக மதிக்கிறேன். வல்லுறவுக்கு ஆளான பெண் ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைப் பார்த்த எவரும் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் இந்த மருந்து அந்த நோய்க்கானதல்ல. வழக்குகள் தோற்பதற்குப் பெரிய காரணம், தடயங்களைச் சேகரிக்காத, ஆவணங்களை ஒழுங்காக எழுதாத புலன்விசாரணை. அடித்து வாங்கும் வாக்குமூலம் அந்தப் புலன்விசாரணையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீதிமன்றத்திலோ அது செல்லாது. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்து தொடரும் விதி. ஆகவே லாக்கப்பில் விழும் அடி வழக்கை வலுப்படுத்துவதில்லை. அடித்தளம் இல்லாத வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பி, விடுதலைக்கும் தாமதத்துக்கும்தான் வழி செய்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீதி தாமதமாவதால் அதிகம் துன்பப்படுகிறவர்கள் கைதட்டுகிறவர்கள் அல்லர். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அந்தத் தாமதத்தின் பெயரால் அதே வகை மனிதர்களைத்தான் சுடச் சொல்கிறோம்.

இரண்டாவது மறுப்பு காவலர் தரப்பிலிருந்து வருவது. அரிவாள் ஓங்கியவன் முன்னால் நிற்பவருக்கு ஒரு நொடிதான் இருக்கிறது, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அந்த நொடியை எடைபோடுவது நியாயமா? நியாயமான கேள்வி. சட்டமும் அதை ஏற்கிறது. தற்காப்புரிமை காவலருக்கும் உண்டு. நொடியில் எடுக்க வேண்டிய முடிவைப் பின்னறிவின் வெளிச்சத்தில் எடைபோடாமல், அந்த இடத்தில் நின்ற நியாயமான காவலர் ஒருவரின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1989-இல் சொன்னது. ஆனால் இந்த வாதத்தை அதன் எல்லைக்குள் வைக்க வேண்டும். சாத்தான்குளத்தில் நடந்தது ஒரு நொடியில் அல்ல. இரவு முழுவதும் அடித்தார்கள் என்று அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் சாட்சியம் அளித்தார். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்றும் சொன்னார். நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகளைச் சேமிக்கப் போதிய கொள்ளளவு வன்தட்டில் இருந்தும், அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது என்று நடுவரின் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. ஒரு நொடியில் எடுத்த முடிவுக்குக் கேட்கும் சலுகையை ஒரு முழு இரவுக்குக் கேட்க முடியாது. அந்தச் சாட்சியம் சொன்ன பெண்ணும் காவல்துறைதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காவலர்களைக் குறைசொல்கிறேன் என்று நினைப்பவர்கள், உயரதிகாரிகள் சூழ்ந்த அந்தக் கட்டடத்துக்குள் நின்று உண்மை பேச அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

கேமரா எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்ற மூன்றாவது மறுப்புக்குப் பாதி விடையை முன்பே சொன்னேன். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் பிடியில் இறந்தபோது காவல்துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறால் நேர்ந்த மரணம் போலவே விவரித்தது. பதினேழு வயதுப் பெண் ஒருவர் எடுத்த கைபேசிக் காட்சி இல்லாவிட்டால் அதுவே வரலாறாக நின்றிருக்கும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி இறந்தபோதும், மறைவிலிருந்து ஒருவர் எடுத்த காட்சிதான் விஷயத்தை வெளிக்கொண்டுவந்தது. கேமராவின் பயனை நான் மறுக்கவில்லை. அது காவலரின் பொய்யை உடைக்கிறது. பார்ப்பவரின் முன்முடிவை உடைப்பதில்லை. மடப்புரத்து இளைஞர்மீது முன்வழக்கு எதுவும் இல்லை என்பது அந்த நாள்களில் எத்தனை முறை சொல்லப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். முன்வழக்கு இருந்திருந்தால் அதே காட்சி அதே பதற்றத்தைத் தந்திருக்குமா?

5

நம் திரைப்படங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 'சாமி', 'காக்க காக்க', 'சிங்கம்' போன்ற படங்கள் என்கவுன்டரைக் கொண்டாடின என்பதைப் பலரும் பேசியிருக்கிறார்கள். அவற்றுக்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் படங்களே என் கவனத்தை அதிகம் ஈர்க்கின்றன. 'விசாரணை'யில் அடிபடும் தொழிலாளர்கள் செய்யாத திருட்டுக்காக அடிபடுகிறார்கள். 'ஜெய் பீம்' படத்தில் கொல்லப்படுபவர் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவர். 'வேட்டையன்' என்கவுன்டரைக் கேள்வி கேட்பதே, தவறான ஆளைச் சுட்டுவிட்டோம் என்பதிலிருந்துதான். இவை மிக முக்கியமான படங்கள். சமூகத்துக்குப் பெரும் தொண்டு செய்திருக்கின்றன. ஆனாலும் இவற்றிலும் நம் கண்ணீருக்கு நுழைவுச் சீட்டு அந்த மனிதனின் நிரபராதித்தனமே. உண்மையாகவே திருடிய ஒருவனை லாக்கப்பில் தொங்கவிட்டு அடிக்கும் காட்சியைக் காட்டி, இதுவும் குற்றம்தான் என்று நம்மை உணரவைக்கும் தமிழ்ப் படம் இனிமேல்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் 'யார்' என்பதை விட்டுவிட்டு எதைக் கேட்பது? சட்டமே வழி காட்டுகிறது. கைதை எதிர்ப்பவர்மீது தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமை இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆவது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. இதிலிருந்து, சட்டம் படிக்காத எவரும் கேட்கக்கூடிய கேள்விகள் பிறக்கின்றன. பலம் பயன்படுத்தப்பட்ட அந்த நேரத்தில் அவர் ஏற்கெனவே கட்டுப்பாட்டுக்குள் இருந்தாரா? கையில் விலங்கு இருந்ததா, சுற்றிலும் எத்தனை காவலர்? நடந்தது நொடியிலா, மணிக்கணக்கிலா? நடந்ததை நமக்குச் சொல்பவர் யார், அதைச் செய்தவரேயா, அல்லது அந்த நிலையத்தோடு தொடர்பில்லாத ஒருவரா? இந்தக் கேள்விகளில் எதற்கும் விடை சொல்ல, அடிபட்டவரின் சாதியோ தொழிலோ வழக்குப் பட்டியலோ தேவைப்படாது. கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டவர்மீது விழும் முதல் அடியிலேயே பலப் பிரயோகம் முடிந்து தண்டனை தொடங்கிவிடுகிறது. தண்டிக்கும் அதிகாரத்தைக் காவலருக்கு எந்தச் சட்டமும் தரவில்லை.

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்க ஏற்பாடுகளும் இருக்கின்றன. கைதியை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த கட்டளை. என்கவுன்டர் மரணங்களை வேறு நிலையத்தினரோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், வீரச்செயல் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படும்வரை சம்பந்தப்பட்டவர்களுக்கு உடனடிப் பதவி உயர்வோ விருதோ தரக் கூடாது என்பது 2014-இல் மகாராஷ்டிர வழக்கில் தந்த நெறிமுறை. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவை மீறப்படும்போது கேள்வி கேட்கும் மக்கள்தான் இல்லை. ஏனென்றால் அவை மீறப்படுவது பெரும்பாலும் நமக்கு வேண்டாதவர்கள்மீது.

மக்களின் மனம் மாறட்டும் என்று காத்திருக்கச் சொல்வது என் நோக்கமல்ல. மனம் மாறுவதற்குத் தகவல் வேண்டும், அதுவும் உரிய காலத்தில் வேண்டும். ஆணைய அறிக்கைகள் சில ஆண்டுகள் கழித்தே வருகின்றன. அதற்குள் எல்லோருடைய தீர்ப்பும் இறுகிவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் காவல்துறை நிலையாணைகளின்படி வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் விசாரணை நடக்கிறது. அறிக்கை மாவட்ட ஆட்சியர் வழியே அரசுக்குப் போகிறது. சாதாரண வாசகர் ஒருவர் அப்படியோர் அறிக்கையை முழுதாகப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. சாட்சிகளின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, அந்த அறிக்கைகளைக் குறித்த காலக்கெடுவுக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும். எத்தனை குண்டுகள், எவ்வளவு தூரத்திலிருந்து, உடலின் முன்புறமா பின்புறமா, அப்போது அவர் கையில் என்ன இருந்தது என்ற விவரங்கள், அவர்மீதிருந்த வழக்குகளின் பட்டியல் செய்தித்தாளில் வந்த அதே மாதத்தில் மக்கள் கைக்கு வரட்டும். நிருபர்கள் அதைக் கேட்டு வாங்கி அச்சிடட்டும்; சட்டமன்ற உறுப்பினர்கள் மானியக் கோரிக்கை விவாதத்தில் அதை வைத்துக் கேள்வி எழுப்பட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிலையாணைகளைத் திருத்தும் அதிகாரம் மாநில அரசின் கையிலேயே இருக்கிறது; உள்துறையின் ஓர் அரசாணை போதும்.